கோம்பையும் கர்னலும்: வில்லியம் புல்லர்ட்டனின் 1783ஆம் ஆண்டுச் சிவகிரிப் படையெடுப்பு – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

தென்பாளையங்களின் வரலாற்றை எழுதுவோர் கர்னல் வில்லியம் புல்லர்ட்டனின் 1787ஆம் ஆண்டு நூலிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி பற்றிய பத்திகளையே மீண்டும் மீண்டும் எடுத்தாள்கின்றனர். அவற்றை அடுத்து வரும் சிவகிரிக் கோம்பைப் போர் பற்றிய பகுதி போதிய கவனம் பெறவில்லை. இக்கட்டுரை அப்பகுதியைப் புல்லர்ட்டனின் பணிவாழ்வோடு பொருத்தி வாசிக்கிறது. இடையில் நிறுத்தப்பட்ட ஒரு படையெடுப்புக்கு நியாயம் கோரும் நூலுக்குள் கோம்பைப் போர் என்ன பங்காற்றுகிறது, அதனைச் சான்றாகக் கொள்வோர் எதை ஏற்கலாம், எதை ஐயுற வேண்டும் என்பன ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புல்லர்ட்டன், சிவகிரி, கோம்பை, காவற்காடு, பாளையங்கள், திருவில்லிபுத்தூர், இராசபாளையம்

முன்னுரை

திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் எனத் தெற்கு நோக்கிச் செல்லும் வழி, மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்புறத்தில் வைத்துக்கொண்டே செல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இது படைகள் நடந்த வழி. 1756இல் யூசுப்கான் திருவில்லிபுத்தூரில் படையுடன் முகாமிட்டார். 1767இல் கர்னல் டொனால்டு காம்பெல் இராசபாளையத்தை அடுத்த கொல்லங்கொண்டானையும் அதற்குத் தெற்கிலுள்ள வாசுதேவநல்லூரையும் தாக்கினார். 1783இல் வில்லியம் புல்லர்ட்டன் சிவகிரிக்கு வந்தார்.

இம்மூவருள் தம் செயல்களைத் தாமே நூலாக்கி இலண்டனில் வெளியிட்டவர் புல்லர்ட்டன் ஒருவரே. யூசுப்கானை அறிய ஓர்மையும், காம்பெலை அறியக் கும்பினிக் கடிதங்களையும் நாடவேண்டியுள்ளது. புல்லர்ட்டன் தாமே பேசுகிறார். பேசுபவர் யார், யாரிடம், எதற்காகப் பேசுகிறார் என்ற வினாக்களை எழுப்பாமலே அவர் கூற்றைச் சான்றாக அடுக்கும் வழக்கம் தமிழ் ஆய்வுலகில் நிலைத்துவிட்டது. இதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மவர் பலருக்கும் புல்லர்ட்டன் நேரடியாகக் கிடைத்தவர் அல்லர். 1881இல் வெளிவந்த கால்டுவெலின் திருநெல்வேலி வரலாற்றின் வழியே கிடைத்தவர். கால்டுவெலுக்குத் தேவைப்பட்டது திருநெல்வேலிச் சீமையைப் பற்றிய பகுதி. அதனை அவர் வெட்டி எடுத்தபோது முன்னும் பின்னும் இருந்தவை நூலிலேயே தங்கிவிட்டன.

மாவட்டப் பிரிவினைகளும் இதில் பங்கு பெறுகின்றன. 1783இல் ஒரே சீமையாக இருந்த இந்நிலப்பகுதியில் திருவில்லிபுத்தூர்ப் பகுதி 1910இல் புதிய இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. சிவகிரியோ திருநெல்வேலியில் தொடர்ந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்ட வரலாறு எழுதுவோர் தத்தம் எல்லையில் நின்றுவிடுவதால், ஒரே மலையடிவாரத்தின் போர்கள் இரு வேறு கணக்குகளில் எழுதப்படுகின்றன.

படைத்தலைவர் உருவான விதம்

புல்லர்ட்டன் 1754இல் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர்ப் பகுதி நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். பயண எழுத்தாளர் பாட்ரிக் பிரைடோனின் துணையுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பாரிசில் ஆங்கிலத் தூதர் ஸ்டோர்மான்ட் பிரபுவுக்குச் செயலாளராக இருந்தார். 1779இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதுவரை அவர் வாழ்வில் படைத்தொழில் இல்லை.

1780இல் அரசு அவசரமாகப் படைகளைத் திரட்டியபோது, தம் செல்வாக்கினால் ஆள்சேர்த்து 98ஆம் காலாட்படையை எழுப்பித் தந்து, அதன் தலைமையையும் லெப்டினன்ட் கர்னல் பதவியையும் பெற்றார். படைப்பிரிவின் அடிப்படிகளில் ஒன்றைக்கூட ஏறாதவருக்கு இப்பதவியா என்ற கேள்வி பிரபுக்கள் அவையிலேயே எழுந்தது. ஷெல்பர்ன் பிரபு அவரை வெறும் எழுத்தர் என்ற தொனியில் இகழ, புல்லர்ட்டன் இரட்டையர் போருக்கு அழைத்தார். 1780 மார்ச் 22 அன்று இலண்டன் ஹைடு பார்க்கில் இருவரும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டதில் ஷெல்பர்ன் சிறு காயமடைந்தார்.

இந்நிகழ்ச்சியை வாழ்க்கைக் குறிப்பின் சுவையான துணுக்காகக் கடந்துவிட முடியாது. தகுதியற்றவர் என்ற பழி பணிவாழ்வின் முதல் நாளிலேயே ஒட்டிக்கொண்ட ஒருவர் அவர். பின்னர் அவர் எழுதிய ஒவ்வொரு போர் விவரிப்பும் அப்பழிக்கு விடையாகவும் நின்றது. அவர் படை முதலில் தென்னமெரிக்காவின் இசுபானியக் குடியேற்றங்களைத் தாக்க எண்ணி எழுப்பப்பட்டது. டச்சுப் போர் தொடங்கியதும் கமடோர் ஜான்ஸ்டனின் கப்பல்களோடு நன்னம்பிக்கை முனை நோக்கித் திருப்பப்பட்டது. அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு வரவேண்டும் என்ற எண்ணமே இன்றிப் புறப்பட்ட படை அது.

நூலின் முகவரி

'இந்தியாவில் ஆங்கிலேயர் நலன்கள் பற்றிய ஒரு பார்வை' எனத் தமிழில் சுட்டத்தக்க அவரது நூல் 1787இல் வெளிவந்தது. அது இரண்டு கடிதங்களால் ஆனது. முதற்கடிதம் மான்ஸ்பீல்டு பிரபுவுக்கு எழுதப்பட்டது. அவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி, புல்லர்ட்டனின் பழைய தலைவரான ஸ்டோர்மான்டின் உறவினர். இரண்டாம் கடிதம் சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி பிரபுவுக்கும் புனித ஜார்ஜ் கோட்டைத் தேர்வுக் குழுவுக்கும் உரியது. 1782 முதல் 1784 வரையிலான போர்நடவடிக்கைகள் இவ்விரண்டாம் கடிதத்தில்தான் வருகின்றன.

ஆகவே சிவகிரிப் பகுதியை முதலில் படிக்கவேண்டியவர்கள், அவருக்குக் கட்டளையிட்டவர்களும் கட்டளையை நிறுத்தியவர்களும். அவர்களுக்கு மறுக்கமுடியாத ஒரு கணக்கை ஒப்படைப்பதே எழுத்தின் நோக்கம். நூலில் தொடர்ந்து வலியுறுத்தப்படும் கருத்து எளியது: தென்படை மைசூரை நோக்கிச் செல்லும் திறன் பெற்றிருந்தது, சீரங்கப்பட்டினம் எட்டும் தொலைவில் இருந்தது, அமைதிப் பேச்சு அதனைக் கெடுத்தது. பாளையங்கள் இக்கருத்தின் ஓர் உறுப்பாக மட்டுமே நூலுக்குள் இடம்பெறுகின்றன. மேற்கே செல்லும் படைக்குப் பின்னால் தானியமும் மாடும் பணமும் வந்துகொண்டிருக்க வேண்டும். அவ்வழியை அடைத்து நின்றவர்கள் பாளையக்காரர்கள்.

1781 டிசம்பரில் ஆற்காட்டு நவாபு முகமது அலி தம் சீமையின் வருவாயைக் கும்பினிக்கு ஒப்படைத்திருந்தார். அதுவரை நவாபுக்குச் செலுத்தாத கப்பம் அன்றுமுதல் கும்பினிக்குச் செலுத்தாத கப்பமாயிற்று. 1780இல் ஐதர் அலி கர்நாடகத்துக்குள் புகுந்தபின் பாளையங்கள் கப்பத்தை நிறுத்தியிருந்தன. தெற்கே கள்ளர்களும் பாளையக்காரர்களுமாக ஓர் இலட்சம் பேர் ஆயுதம் ஏந்தியிருந்தனர் என்கிறார் புல்லர்ட்டன். இந்த எண் மேற்கோள்களில் பெருமிதத்தோடு எடுத்தாளப்படத்தக்கதுதான். ஆயினும், அது பகைவரின் வலிமையைப் பெருக்கிக் காட்டி வென்றவரின் தகுதியை உயர்த்தும் எண்ணும் ஆகும். முழு எண்ணாக இருப்பதே அதன்மேல் ஐயம் கொள்ளப் போதுமானது.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து சிவகிரிக்கு

1783 ஜூன் 2 அன்று தாராபுரத்தைக் கைப்பற்றிய புல்லர்ட்டன், பின்னர்க் கடலூரில் பிரெஞ்சுக்காரரோடு பொருத ஜெனரல் ஸ்டூவர்ட்டுக்கு உதவ அழைக்கப்பட்டார். ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்ததும் தெற்கே திரும்பினார். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் சொக்கம்பட்டியை முற்றுகையிட்டிருந்த வேளையில், விரைந்த நடையில் அவருடைய கோட்டையை ஆகஸ்டு 12 அன்று அடைந்து தாக்கினார். பாளையக்காரர் தப்பினார். கோட்டைக்குள் கொழும்பு டச்சு அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலப்படி கிடைத்தது. இப்பகுதி எல்லாருக்கும் தெரிந்தது. இவ்வேளை ஆட்சியிலிருந்தவர் வீரபாண்டியக் கட்டபொம்மன் அல்லர், அவருக்கு முந்தையவர் என்பதை மட்டும் இங்கே நினைவூட்ட வேண்டியுள்ளது. வீரபாண்டியர் பட்டமேறியது 1790இல். 1783ஆம் ஆண்டுப் போரை அவர்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கம் மேடைகளோடு நின்றிருந்தால் கேடில்லை.

அடுத்துப் படை சிவகிரிக்குத் திரும்பியது. சிவகிரிப் பாளையக்காரர் ஊரில் நின்று பொரவில்லை. மலையடிவாரத்தில் இருந்த கோம்பையை நோக்கிப் பின்வாங்கினார். கோம்பைக்கு முன்னே ஏறத்தாழ நான்கு மைல் ஆழத்துக்கு அடர்காடு இருந்தது என்றும், காட்டையும் வெளிநிலத்தையும் பிரித்த வலிய கரை ஒன்றின் நீளம் முழுவதும் வீரர்கள் நிறுத்தப்பட்டனர் என்றும், துணைநின்ற பிற பாளையக்காரர்களோடு எட்டாயிரம் அல்லது ஒன்பதாயிரம் பேர் திரண்டனர் என்றும் புல்லர்ட்டன் எழுதுகிறார். பேச்சு நடந்தது, காலம் கடத்தவே பேசுகின்றனர் என்று கருதித் தாக்க ஆணையிட்டார். கரையைக் கைப்பற்றியபின், மலையடி வரை மூன்று மைல் தூரத்துக்குப் புதர்க்காட்டை வெட்டிப் பாதை அமைத்துக்கொண்டே படை முன்னேறியது. இறுதியில் கோம்பை வீழ்ந்தது.

காடா, கோட்டையா

ஆங்கில எழுத்தில் 'கோம்பி' எனத் திரிந்து நிற்கும் சொல் தமிழின் 'கோம்பை'. மலைகள் மூன்று பக்கமும் அணைக்க, ஒரு பக்கம் மட்டும் சமவெளிக்குத் திறந்திருக்கும் பள்ளத்தாக்கை மலையடிவார மக்கள் இன்றும் இவ்வாறே அழைக்கின்றனர். தேனி மாவட்டத்தில் ஓர் ஊரின் பெயரே அதுதான். புல்லர்ட்டனுக்கு இச்சொல் ஓர் ஒளிவிடத்தின் பெயர். தோற்றவர் ஓடி ஒளியும் இடம். அவர் எழுத்தில் காடு இயற்கையின் முரட்டுத்தனமாகவும், பாதை வெட்டும் படை ஒழுங்கின் வடிவாகவும் எதிரெதிர் நிறுத்தப்படுகின்றன.

ஆனால் அவர் தரும் விவரங்களே இவ்வெதிர்நிலையைக் குலைக்கின்றன. காட்டுக்கும் வயலுக்கும் நடுவே வலிய கரை ஒன்று தானாகத் தோன்றாது. யாரோ மண் சுமந்து கட்டியது அது. இராசபாளையத்திலிருந்து சிவகிரி வரை மலையோடைகளின் நீரை ஏந்தும் கண்மாய்கள் நிறைந்த நிலத்தில், அக்கரை கண்மாய்க் கரையாக இருந்திருக்கவும் கூடும். காவலுக்கென்றே எழுப்பிய மதிலாக இருந்திருக்கவும் கூடும். இரண்டில் எதுவாயினும் அதன் பின்னே இருந்த அடர்காடு வளரவிடப்பட்ட காடு. மலை பின்னரணாக, காடு முன்னரணாக, கரை வெளிமதிலாக அமைந்த இவ்வொழுங்கைத் தமிழ் மரபு நன்கு அறியும். அரணைப் பற்றிப் பேசும் திருக்குறள் அதிகாரம் நீரையும் வெளிநிலத்தையும் மலையையும் காட்டையும் அரணின் உறுப்புகளாக எண்ணுகிறது. சங்க நூல்கள் காவற்காட்டை 'மிளை' என்னும் தனிச்சொல்லால் குறிக்கின்றன. சிவகிரியார் தம் கோட்டையை விட்டு ஓடியதாகப் புல்லர்ட்டன் காட்டுவது, உண்மையில் சிறிய அரணிலிருந்து பெரிய அரணுக்குள் அவர் சென்றதே ஆகும்.

பாஞ்சாலங்குறிச்சியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அது கரிசல் சமவெளியில் நின்ற மண்கோட்டை. அதற்குப் பின்னே மலை இல்லை; வீழ்ந்தால் வெளியேறி ஓடுவது ஒன்றே வழி. திருவில்லிபுத்தூர் முதல் வாசுதேவநல்லூர் வரையிலான மேற்குப் பாளையங்களுக்கு மலை இருந்தது. மேற்குப் பாளையங்கள் பெரும்பாலும் மறவர் பாளையங்களாகவும் கிழக்குப் பாளையங்கள் நாயக்கர் பாளையங்களாகவும் இருந்தன என்ற வேறுபாட்டைச் சமூக அடிப்படையில் மட்டுமே விளக்கிவந்துள்ளோம். போர்முறையை அறிய நில அமைப்பும் வேண்டும். காம்பெல் காலம் முதல் புல்லர்ட்டன் காலம் வரை ஆங்கிலப் படைகள் மேற்கில் பட்ட இடர்ப்பாட்டுக்கு மலையும் காடும் முதற்காரணம். பாளையக்காரரின் வீரத்தைப் போற்றும் நூல்களிலும் கோம்பை ஒருவரிச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. பகைவன் காடு என்று எழுதியதை நாமும் காடு என்றே மொழிபெயர்த்துக்கொண்டோம்.

ஒத்திகை

சிவகிரிக்குப் பின் நூல் செல்லும் திசையைக் கவனித்தால், இப்பகுதி ஏன் இத்துணை விரிவாக எழுதப்பட்டது என்பது விளங்கும். பாளையக்காரர்களிடமிருந்து பணிவையும் பண உறுதியையும் பெற்ற புல்லர்ட்டன் அங்கே நீண்டநாள் தங்கவில்லை. வடமேற்கே சென்று, மழைக்காலத்தில் ஆனைமலைக் காட்டைப் பீரங்கிகளோடு கடந்து, 1783 நவம்பரில் பாலக்காட்டையும் அடுத்துக் கோயம்புத்தூரையும் கைப்பற்றினார். காட்டை வெட்டிப் பாதை அமைப்பதும், பீரங்கியை இழுத்துச் செல்வதும், ஐரோப்பியரும் சிப்பாய்களும் புதர்களுக்குள் இணைந்து போரிடுவதுமான திறன்கள் முதலில் சிவகிரியில் காட்டப்பட்டவை. ஆனைமலையைக் கடந்த படை, வழி திறந்திருந்தால் மைசூர் எல்லையையும் கடந்திருக்கும் என்று வாசகர் முடிவு செய்ய வேண்டும். கோம்பைப் போர் அம்முடிவுக்கு இட்ட முதற்படி. அப்போர் நடந்ததையும் அதன் கடுமையையும் ஐயுற இடமில்லை. அதன் நீள அகலங்களும் ஆள் எண்ணிக்கையும் ஒரு வழக்கின் சான்றுப்பொருள்களாகத் தரப்பட்டவை என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

வழக்கு தோற்றது. படையெடுப்பை நிறுத்தும் ஆணை வந்தது. கைப்பற்றிய இடங்களை விட்டு விலக நேர்ந்தது. 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இவ்விடைக்காலத்தில் திப்புவிடம் தூது செல்ல அனுப்பப்பட்ட மறைப்பணியாளர் சுவார்ட்சு புல்லர்ட்டனின் முகாமில் தங்கினார். ஐரோப்பியர்மேல் படிந்த இழிவை இம்மனிதரின் அறிவும் நேர்மையும் போக்கின என்று புல்லர்ட்டன் அவரைப் புகழ்கிறார். சுவார்ட்சின் வரலாற்றாசிரியர்கள் இப்புகழுரையை விரும்பி எடுத்தாள்வர். அதற்குள் அடங்கியிருக்கும் ஒப்புதல் – ஐரோப்பியர்மேல் இழிவு படிந்திருந்தது என்பது – பாளைய வரலாற்றாசிரியர்களுக்கே அதிகம் பயன்படும். நவாபின் குத்தகைதாரர்களும் கும்பினி ஊழியர்களும் நாட்டைச் சீரழித்தனர் என்பதைப் புல்லர்ட்டன் மறைக்கவில்லை. பாளையக்காரர் கிளர்ந்தமைக்குக் காரணம் இருந்தது என்று அவர் எழுத்தே சொல்கிறது. ஆயினும் அவரைப் பொறுத்தவரை காரணம் இருப்பது வேறு, உரிமை இருப்பது வேறு.

பிற்காலம்

இந்தியாவிலிருந்து திரும்பியபின் புல்லர்ட்டன் போர்க்களம் காணவில்லை. மீண்டும் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 1793இல் அயர்ஷயரின் வேளாண்மை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் டிரினிடாட் தீவை ஆளும் மூவர் ஆணையத்தின் முதல் ஆணையராக 1803இல் அங்குச் சென்றார். முந்தைய ஆளுநரும் உடன் ஆணையருமான தாமஸ் பிக்டன், லூயிசா கால்டெரோன் என்னும் இளம்பெண்ணைத் திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சித்திரவதை செய்ய ஆணையிட்டதை வெளிக்கொணர்ந்து, ஆவணங்களைத் திரட்டி, இலண்டனில் வழக்காக்கினார். 1806இல் பிக்டன் குற்றவாளி எனச் சான்றாயர் தீர்ப்பளித்தனர். மறுவிசாரணையில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 1808 பிப்ரவரி 13 அன்று புல்லர்ட்டன் இலண்டனில் மறைந்தார். பிக்டன் வாட்டர்லூவில் வீழ்ந்து வீரராகப் போற்றப்பட்டார்.

சித்திரவதைக்கு எதிராக வழக்குத் தொடுத்தவர் என்பதால் 1783ஆம் ஆண்டின் புல்லர்ட்டனை மென்மையானவராகக் கொள்ள வேண்டியதில்லை; அவ்வழக்கைத் தனிப்பகை என்று தள்ளவும் வேண்டியதில்லை. இரண்டிலும் தொழிற்படும் முறை ஒன்றே. கடிதங்களையும் ஆவணங்களையும் அடுக்கி, மேலிடத்தின் முன் தம் தரப்பை நிறுவி, அச்சிட்டுப் பொதுமக்கள் முன் வைப்பது அவர் வழக்கம். ஷெல்பர்ன் இகழ்ச்சியாகச் சொன்ன 'எழுத்தர்' என்ற சொல் ஒருவகையில் பொருந்தத்தான் செய்தது. அவருடைய வாளைவிட அவருடைய எழுதுகோலே தென்தமிழ்நாட்டில் நெடுநாள் தங்கியது.

சிவகிரி மறக்கப்பட்டது ஏன்

1783இல் ஏறக்குறைய ஒரே மாதத்தில், ஒரே படையால் தாக்கப்பட்ட இரு பாளையங்களுள் ஒன்று காவியமாயிற்று, மற்றொன்று அடிக்குறிப்பாயிற்று. விடை 1799க்குப் பிந்தைய நிகழ்வுகளில் உள்ளது. மேஜர் பானர்மன் அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, பாஞ்சாலங்குறிச்சியையும் துணைநின்ற சில பாளையங்களையும் பறித்தார். சிவகிரி பறிக்கப்படவில்லை, சேத்தூரும் பறிக்கப்படவில்லை. நிலைத்த வரித்திட்டத்தின்கீழ் அவை சமீன்களாயின. கோம்பையில் நின்று பொருத குடும்பம் கும்பினியின் அங்கீகாரம் பெற்ற சமீன் குடும்பமாகத் தொடர்ந்தது. தன் முன்னோர் வெள்ளையரை எதிர்த்த கதையைப் பாடுவிக்க அத்தகைய அரண்மனைக்கு ஊக்கம் இருந்திருக்க வழியில்லை. கிளர்ச்சியைக் கொண்டாடிய பிற்கால எழுத்தாளர்களுக்கோ, இறுதியில் இணங்கிப்போன ஒரு பாளையத்தின் பழைய எதிர்ப்பு வசதியான பொருளாக இல்லை.

கட்டபொம்மன்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று சிவகிரியைப் பற்றியதே என்பது இங்கு நோக்கத்தக்கது. சிவகிரிப் பாளையக்காரர் கும்பினியின் பக்கம் நின்றார். அவர் மகன், மாப்பிள்ளை வன்னியன் என்பாரின் துணையோடு தந்தைக்கு எதிராக எழுந்தார். கட்டபொம்மன் மகனுக்கு ஆள் அனுப்பினார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் புல்லர்ட்டன் பாதை வெட்டி நுழைந்த அதே மலையடிவாரத்தில், இம்முறை ஒரே வீட்டுக்குள் இரு அணிகள். இப்பிளவை 1783இல் ஏற்பட்ட தோல்வியோடும், அப்போது ஏற்கப்பட்ட பணச்சுமையோடும், அடுத்துவந்த ஆண்டுகளின் வரிக்கணக்குகளோடும் இணைத்து ஆராயும் பணி செய்யப்படவில்லை. அதற்கு வேண்டிய களமும் முழுதாக அழிந்துவிடவில்லை. திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாக 2021இல் அறிவிக்கப்பட்ட காட்டின் அடிவாரத்தில் கண்மாய்க் கரைகளும் கோம்பை என்ற சொல்லும் இன்னும் வழக்கில் உள்ளன. நான்கு மைல் காடும் கரையும் எவ்விடத்தில் இருந்தன என்பதைச் சிவகிரிக்கு மேற்கே நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்நடைக்குப் புல்லர்ட்டனின் பத்திகள் வழிகாட்டியாகப் பயன்படும்.